நலங்கில் நனைந்த முடி

என் தங்கைக்குப் பிறந்ததிலிருந்தே சுருட்டை முடி. அவள் அதற்காக வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. கல்யாணம் நிச்சயமானதும்தான் என்னவோ ஆகிவிட்டது. ஆன்லைனில் முடியை நேராக்கும் கருவி ஒன்றை வாங்கினாள். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் அவளோடு வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் வந்து, வரவேற்பன்று பிற்பகல் முழுக்க இழுத்து இழுத்து நேராக்கினார்கள். முதுகு வரைக்கும் பட்டு மாதிரி தொங்கியது.

நான் கும்மிடிப்பூண்டியில் பிளஸ் டூவுக்கு உயிரியல் பாடம் எடுக்கிறேன். வாய் சும்மா இருக்குமா? “தலையில தண்ணி படாம பாத்துக்க. பட்டா பழையபடி சுருண்டுக்கும்” என்றேன்.

மறுநாள் விடிந்ததும் மண்டபத்தில் நலங்கு. அவள் தலையில் பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். சொம்போடு வந்த அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது.

“இன்னாடி இது, கல்யாணப் பொண்ணு கவரு மாட்டிக்கினு குந்திக்கினுகீற?”

ஒரே இழுப்பு. மஞ்சள் தண்ணீர் உச்சந்தலையிலிருந்து வழிந்தது.

அறைக்குள் துவட்டத் துவட்ட முடி சுருண்டது. “முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரங்கூட இல்லக்கா. எல்லாம் பேஜாரா பூட்ச்சே!” என்று அழுதாள். ஈர முடியில் அந்தக் கருவியை வைக்கவும் முடியாது. அவள் கவனத்தைத் திருப்ப எனக்குத் தெரிந்தது பாடம் மட்டும்தான்.

“முடியும் புரதம்தான்டி. அமினோ அமிலம்னு குட்டிக் குட்டித் துண்டுங்க, பூ கோத்த மாதிரி ஒரே சரமா இருக்கும். அந்தச் சரம் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு, பக்கத்துச் சரத்தப் புடிச்சிக்கினு நிக்கும். எப்படி மடிஞ்சி நிக்குதோ அதுக்கேத்த வேலதான் செய்யும். ரத்தத்துல இருக்கற புரதம் ஆக்சிஜன சுமக்குது. முடியில இருக்கறது வளைஞ்சி குடுத்துக்கினு அறுந்துபோவாம நிக்குது.”

“அப்ப நேத்து நேரா நின்னுச்சே?”

“புடிப்புல ரெண்டு வகை இருக்குது. ஹைட்ரஜன் பிணைப்பு லேசானது. சூடு பட்டா விட்டுடும், நேரா வச்சி ஆறவிட்டா நேராவே நிக்கும். தண்ணி பட்டா மறுபடி விட்டுடும். கந்தகப் பிணைப்பு கெட்டி. உன் சுருட்டயப் புடிச்சி வச்சிருக்கறது அதுதான். அத உன் மிஷினு தொடவே இல்ல.”

கதவோரம் நின்ற அத்தை மெல்லக் கேட்டாள். “அப்ப எம்மேல தப்பில்லயா?”

“இல்ல அத்த. எல்லாம் ஹைட்ரஜன் பண்ண வேல.”

“யாரு அவன்? மாப்ள ஊட்டு ஆளா?”

தங்கை சிரித்த சிரிப்பில் கண் மை போடவந்த பெண் கையை எடுத்துவிட்டாள்.

மேடையில் மாப்பிள்ளை அவளையே பார்த்தார். அவள் தலை குனிந்துகொண்டாள். “நேத்து உங்கிட்ட பேசவே கூச்சமா இருந்துச்சி. வேற யாரோ மாதிரி இருந்த. இப்பதான் சரியாகீது” என்று அவர் கிசுகிசுத்தது, பின்னால் நின்ற எனக்கும் கேட்டது.

பந்தியில் அவள் இரண்டாவது முறை வடை கேட்டு வாங்கியதைப் பார்த்த பிறகுதான், காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.