துத்தநாகமும் ஒரு கையெழுத்தும்

புதன்கிழமை காலை ஆறு பத்துக்குக் கிணற்றடியில் வழுக்கி, வலக்கையை ஊன்றி விழுந்தேன். காய்ந்த மட்டை ஒடிவதுபோல ஒரு சத்தம். நேரத்தை இடக்கையால் நாட்குறிப்பில் எழுதிவிட்டுத்தான் மனைவி தங்கபாயைக் கூப்பிட்டேன்.

"கை ஒடிஞ்சு தொங்குது, மணி பாக்கியளா?" என்றாள்.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், மணிக்கட்டு முறிந்திருக்கிறது என்றார். அடிப்படைக் காரணம் எலும்புத் தேய்வு (வயதில் எலும்பின் அடர்த்தி குறைந்து, லேசாக விழுந்தாலும் ஒடிவது). எனக்கு அறுபத்தெட்டு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஏழாவது வாரம் நிலத் தீர்ப்பாயத்தில் விசாரணை. பிறர் நிலத்தில் குடிசை கட்டி வாழ்ந்தவர்களுக்குப் புதுச் சட்டப்படி அந்த இடமே சொந்தமாகும் காலம் அது. என் குடிசை நின்ற பத்து சென்ட் நிலத்துக்கு நான் கையெழுத்திட வேண்டும். பாறசாலை வாசகசாலைப் புத்தகங்களில் பாதியைப் படித்தவன் கைநாட்டு வைப்பதா?

"கஞ்சியும் மரச்சீனிக் கிழங்கும் மட்டும் போராது," என்றார் மருத்துவர். "பாலு, மீனு வேணும். துத்தநாகமும் வேணும், எலும்பு வளர அது தேவையாக்கும். பயறு, முந்திரி, இறைச்சி, சிப்பி எல்லாத்திலயும் உண்டு."

துத்தநாகம் என்றதோடு என் காது நின்றுவிட்டது. இரும்பு வாளியின் வெள்ளைப் பூச்சு துத்தநாகம் என்று படித்திருந்தேன். குவைத்தில் வேலை செய்யும் மகன் முதல் விடுப்பில் வாங்கித் தந்த வாளி கிணற்றடியில் பளபளத்தது. சிப்பிக்கு ஏன் அலைய வேண்டும்?

இரண்டாம் வாரம் திங்கட்கிழமை, புளித்த மோரை அந்த வாளியில் ஒரு பகல் முழுக்க ஊறவைத்தேன். மாலை ஐந்துக்கு இரண்டு தம்ளர் குடித்தேன். ஐந்து இருபதுக்கு வாந்தி தொடங்கியது.

"எலும்பு ஒட்டுதோ?" என்று முதுகைத் தடவியபடி கேட்டாள் தங்கபாய்.

விவரம் கேட்ட மருத்துவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். "பெரியவரே, புளிப்பு பூச்சைக் கரைச்சு எடுக்கும். அளவு மிஞ்சினா துத்தநாகமும் விஷமாக்கும். வாளி தண்ணி கோரதுக்கு, கேட்டியளா?"

மகனுக்கு விவரம் எழுதியவள் தங்கபாய். பதில் ஒரு மாதத்தில் வந்தது: "அப்பா, பசிச்சா சொல்லுங்கோ, ரெண்டு வாளி கொடுத்து விடுதேன்."

அந்த வாந்திக்குப் பிறகு பயறும் சிப்பியும் ஒழுங்காக உண்டேன். கட்டுப் பிரித்தபோது கை ஒட்டியிருந்தது. ஆனால் விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு வாரம் காலையும் மாலையும் கையெழுத்துப் பழகினேன்.

தீர்ப்பாயத்தில் அதிகாரி என் கையெழுத்தைப் பழைய மனுவோடு ஒப்பிட்டார். மறுபடி போடச் சொன்னார். அது முதலாவதோடும் சேரவில்லை.

"எதுக்கும் இருக்கட்டு. இடது பெருவிரலை வையுங்கோ."

ஒடியாத கை. மை அழகாகப் பதிந்தது. நிலம் எனக்குச் சொந்தமானது.

இதே நோயோடு இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது: உணவு மெதுவாகத்தான் வேலை செய்யும், துத்தநாக மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் விழுங்க வேண்டாம். எலும்பு நாட்குறிப்பைப் பார்ப்பதில்லை.

அன்று வீட்டுக்குத் திரும்பி, வேலிப் படலையிலிருந்து வீட்டு வாசல்வரை நடந்தேன். நாற்பது வருடம் பாராமல் நடந்த தூரம். ஒவ்வொரு கல்லையும் பார்த்து, அனுமதி கேட்பவன்போல அடி வைத்தேன். சொந்த மண்ணில் முதல்முறை நடந்தபோதுதான் விருந்தாளியைப் போல நடந்தேன். எத்தனை நிமிடம் ஆயிற்று என்று பார்க்கவில்லை.