சோளகக் காற்றில் ‘கெற்’

‘கெற்’ (get) என்ற ஒரு சின்ன ஆங்கிலச் சொல்லில் என் பட்டம் சிக்கிக் கிடந்தது. அது தனியே நின்றால் பெறுவது. பக்கத்தில் ‘அப்’ வந்தால் எழும்புவது, ‘ஒன்’ வந்தால் ஏறுவது, ‘ஓவர்’ வந்தால் நோயிலிருந்தோ கவலையிலிருந்தோ மீளுவது, ‘பை’ வந்தால் உள்ளதை வைத்துச் சமாளிப்பது. வீட்டிலிருந்தே படித்து எழுதும் வெளிவாரிப் பட்டத்தின் மற்றப் பாடங்களைத் தமிழில் எழுதிச் சித்தியடைந்துவிட்டேன். ஆங்கிலத் தாளில் மட்டும் இரண்டு முறை தவறினேன். இரண்டு முறையும் என்னைக் கவிழ்த்தவை இந்தக் கூட்டு வினைகள்தான். மூன்றாவது முறையே கடைசி. அதிலும் தவறினால் பட்டம் இல்லை. எங்கள் வீட்டில் எனக்கு முன் யாரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை.

எங்கள் தீவான நெடுந்தீவில் ஆங்கிலம் படிப்பிக்க வந்தவர்கள் படகில் வந்து படகில் போனார்கள். காற்று வீசினால் அவர்களும் இல்லை. ஆகவே நானே படித்தேன். கோடையில் எங்கள் மாடுகளுக்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளித் தொட்டியில் ஊற்ற வேண்டும். வாளி இறங்கும்போது ஆங்கிலம் சொல்வேன், ஏறும்போது தமிழ். அப்பா பார்த்துக்கொண்டு நின்று, “மாட்டுக்கும் இங்கிலிசு பிடிபட்டிட்டுது. நீ கெற் எண்ட உடனை தலையைத் தூக்குது” என்பார்.

அந்த மூன்றாவது முறைச் சோதனைக்கு முதல் நாளே யாழ்ப்பாணம் போய்விட நினைத்தேன். சோளகம், அந்தத் தென்மேற்குக் காற்று, பலத்துப் படகு விடவில்லை. மறுநாள் விடிய இறங்குதுறைக்குப் போனால், கடல் இன்னும் வெள்ளையாகப் புரண்டது. இப்படியான நாளில் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய வருத்தக்காரருக்காக மட்டும் ஒரு சின்னப் படகு போகும். அதன் ஓட்டியிடம் கெஞ்சினேன்.

“அண்ணை, பின்னேரம் எனக்குச் சோதினை.”

“இந்தக் கடலுக்கை சும்மா ஆக்களை ஏத்த ஏலாது, தம்பி. வருத்தக்காரர் இருந்தால்தான் எடுப்பன்.”

“அப்ப எனக்கு நெஞ்சு நோ எண்டு சொல்லட்டே?” என்றார் பக்கத்தில் நின்ற மீன் வியாபாரி. “நான் கிடக்கிறன், பெடியன் தூக்கட்டும்.”

“உம்மை ஏத்தினால் படகெல்லே தாழும்!”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாருக்காவது ஏதும் வந்துவிடாதா என்று மனம் ஊரை வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

வந்தது. ஆஸ்பத்திரி வாகனத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டுவந்தார்கள். பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம், உடனே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டுமாம். கூட மருத்துவமாதும் கணவரும். அந்தப் பெண்ணின் கையில் ஏறிக்கொண்டிருந்த சேலைனைப் பார்த்து மருத்துவமாது, “போத்தலைப் பிடிக்க ஒரு நெட்டையன் வேணும்” என்றார்.

“இந்தா நிக்குது ஒரு பனை” என்று ஓட்டி என்னைக் காட்டினார். “ஏறும், தம்பி.”

வலது கையில் போத்தலை உயர்த்தி, இடது கையால் படகின் விளிம்பைப் பிடித்தேன். அலைகள் எங்களுக்கு மேலால் வந்து விழுந்தன. கணவர் மீன்பிடிக்காரர், கடலுக்குப் பழகியவர். ஆனாலும் மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “கையை மட்டும் இறக்காதையும், தம்பி” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நோவு வரும்போதெல்லாம் அந்தப் பெண் என் கணுக்காலை இறுக்கிப் பிடித்தாள். நான் படித்ததை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ‘ஓவர்’ இருந்த இடத்தில் ‘பை’ வந்தது, பிறகு ‘கெற்’ மட்டும் மிஞ்சியது.

அக்கரையில், குறிகட்டுவான் துறையில், அம்புலன்ஸ் நின்றது. கணவர் என்னையும் இழுத்து ஏற்றினார். “பஸ்ஸை நம்பினால் உம்மட சோதினை போயிடும்.” உள்ளே போத்தலைத் தொங்கவிட ஒரு கொளுவி இருந்தது. ஆனால் என் கை மடங்க மறுத்தது.

உப்புக் காய்ந்த சட்டையோடு மண்டபத்துக்குள் கடைசியாக ஓடினேன். தாளைத் திருப்பினால் அதே ‘கெற்’ வினைகள். எல்லாவற்றின் பொருளும் எனக்குத் தெரியும். கேட்டிருந்தது பொருளை அல்ல. ஒவ்வொன்றையும் வைத்துச் சொந்தமாக ஒரு வசனம் எழுதவேண்டும். கிணற்றடியில் நான் ஒரு வசனம்கூட அமைத்துப் பார்த்ததில்லை. மனதில் அன்றைய காலை மட்டும்தான் இருந்தது. அதையே ஆங்கிலத்தில் எழுதினேன். அவள் படகில் ஏறினாள். நாங்கள் கடலைக் கடந்தோம். அவள் மீண்டுவிடுவாள். வசனங்கள் வந்தன, விரல்கள் வரவில்லை. பேனை நழுவி நழுவி விழுந்தது. இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்து, குழந்தைப்பிள்ளை மாதிரி எழுத்து எழுத்தாக இழுத்தேன். அரைவாசிப் புள்ளி கட்டுரைக்கு. அதன் தலைப்பை எழுதும்போது மணி அடித்தது.

“பேனையை வையும்” என்றார் மேற்பார்வைக்கு நின்ற ஆசிரியை.

“மிஸ், கை ஏலாமல் போட்டுது. கொஞ்ச நேரம்…”

“எல்லாருக்கும் ஒரே நேரம்தானே, தம்பி.” குரலில் கோபம் இல்லை. தாளை மெதுவாகத்தான் உருவினார்.

திரும்பிப் போகப் படகு இல்லை. போக இடம் தெரியாமல் பெரியாஸ்பத்திரி வாசலுக்கு நடந்தேன். கணவர் தேத்தண்ணிக் கடையடியில் நின்றார். என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்.

“ஆம்பிளைப் பெடியன், தம்பி! வெட்டித்தான் எடுத்தவை. ரெண்டு பேரும் சுகம்.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “சோதினை எப்பிடி?”

“எழுதினனான் அண்ணை. முடிக்க ஏலாமல் போட்டுது.”

அவருடைய முகம் ஒரு கணம் வாடியது. உடனே என் தோளைத் தட்டினார்.

“அதுக்கென்ன, அடுத்த முறை எடுக்கலாம் தானே?”

“ஓம் அண்ணை, எடுக்கலாம்” என்றேன்.