கதவுக்கு வெளியே நிற்கிறவர்கள்

ரொறன்ரோவில் நான் வேலை செய்யும் பேக்கரியில் லின்டா என்றொரு பெண். ஒருநாள் மத்தியானம் பாணைக் கடித்துக்கொண்டே, இன்றைக்கு வெள்ளெனப் போகவேண்டும், தெரபிஸ்ட்டைப் பார்க்க வேண்டும் என்றாள், ஏதோ தலைமயிர் வெட்டப் போகிறமாதிரி. என்ன வருத்தம் என்று கேட்டேன். ஒரு வருத்தமுமில்லையாம், மனம்விட்டுக் கதைக்கத்தானாம். ஐயோ பாவம், வீட்டில் கதைக்க ஆளில்லையாக்கும் என்று அடுத்த நாள் அவளுக்குச் சோறும் கறியும் கட்டிக்கொண்டு போனேன். சந்தோசமாகச் சாப்பிட்டாள். அடுத்த கிழமையும் தெரபிஸ்ட்டிடம் போனாள்.

எங்கள் வீட்டில் கதைக்க ஆட்களுக்கு என்ன குறை? கனகராயன்குளத்தில் இருக்கும் என் தங்கச்சி வாசுகிக்குப் பதினேழு வயது. முல்லைத்தீவுக்குச் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்த அன்றுதான் சுனாமியாகக் கடல் வந்தது. பிடித்திருந்த சிநேகிதியின் கை இவள் கையிலிருந்து போயிற்று. திரும்பி வந்தவள் வாய் திறக்கவில்லை. சோற்றைக் கிண்டிவிட்டு எழும்பிவிடுவாளாம். உளவளத்துணை என்று மனக்காயப்பட்டவர்களோடு கதைத்து ஆற்றும் அக்கா ஒருவர் சைக்கிளில் வீடு தேடி வந்திருக்கிறார். அவருக்குக் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்து, அம்மா, மாமா, மாமி, பக்கத்து வீட்டுச் சனம் எல்லாம் சுற்றிவர இருந்துவிட்டார்கள். குமர்ப்பிள்ளையைப் பிறத்தியாரோடு தனிய விடுகிற வழக்கம் எங்களிடம் ஏது? நித்திரை வருகிறதா என்று அவர் வாசுகியைக் கேட்க, நல்லாப் படுப்பாள் என்றாராம் மாமா. அடுத்த கேள்விக்கு மாமி. பிறகும் வந்த அக்காவை, விசரென்று பெயர் வந்தால் நாளைக்கு ஆர் கட்டுவான் என்று மாமா படலையோடு திருப்பி அனுப்பினார். அம்மா இதைத் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னா. சீ, பிள்ளை உருகிச் செத்தாலும் பரவாயில்லை, சம்பந்தம் குழம்பக்கூடாது. இங்கே இருக்கிற எங்கட சனமும் திறமில்லை. பிள்ளை அறைக்கதவைச் சாத்தினால் மானம் போனமாதிரித் தட்டுவார்கள்.

வெட்கத்தை விட்டு லின்டாவிடம் கேட்டேன். அவள் காட்டிய இடத்தில் தமிழ் ஆலோசகர் ஒருவர் இருந்தார், மட்டக்களப்புப் பக்கத்து அம்மா. கொம்பியூட்டரில் முகம் பார்த்தே கதைக்கலாம் என்றார். ஊரில் ஒருவருக்கும் தெரியவராது என்று சொல்லித்தான் வீட்டைச் சம்மதிக்க வைத்தேன். ஒரு சனிக்கிழமை வாசுகியை ஓமந்தைச் சோதனைச்சாவடி கடந்து வவுனியாவுக்குக் கூட்டிவந்து, இன்ரநெற் வசதியுள்ள ஒரு கடையின் சின்ன அறையில் இருத்தினார்கள். இங்கே காலை, அங்கே பின்னேரம். ஆலோசகருக்குப் பக்கத்தில் நான். திரை தெளிந்ததும் அம்மா, மாமா, மாமி, வவுனியாச் சித்தி என்று ஒரே தலைகள். வாசுகியின் ஒரு காது ஓரத்தில் தெரிந்தது. ஆலோசகர் வணக்கம் சொல்ல முன்னமே, அவள் இப்ப நல்ல சுகம் என்று தொடங்கினார் மாமா.

காறித் துப்பலாம் போலிருந்தது. எல்லோரையும் எழும்பி வெளியில் போகச் சொன்னேன். நான் பெத்த பிள்ளை கதைக்கிறதை நான் கேட்கக்கூடாதோ என்று அம்மா முணுமுணுத்தபடி எழும்பினா. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வாசுகி திரையின் நடுவுக்கு வந்தாள். நான் கதிரையைக் கிட்ட இழுத்து, இனிப் பயப்படாமல் சொல்லு, அண்ணா இருக்கிறன் என்றேன். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

ஆலோசகர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்களும்தான்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இவ்வளவும் ஒழுங்கு செய்தவன் நானல்லவா? ஆனாலும் எழும்பிக் கதவுக்கு வெளியே வந்தேன். யன்னலுக்கு அப்பால் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அறைக்கதவில் கண்ணாடி, சத்தம் வராது. ஆலோசகர் திரைப்பக்கம் குனிவது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தலையாட்டினார். பிறகு நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார். வாசுகி கதைக்கிறாள்.

கைத்தொலைபேசி அடித்தது. வவுனியாத் தெருவில் நின்று அம்மா.

"தம்பி, என்னவாம் சொல்லுறாள்?"

"தெரியாதம்மா. நானும் வெளியிலதான் நிக்கிறன்."