மச்சாளுக்குச் சொல்லாத எட்டு நாள்

அண்ணை தொலைபேசியில் முதலில் கேட்டது, "சாப்பிட்டியோ?" என்றுதான். காலை பத்து மணி, நான் டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் வேலையில் இருந்தேன். அந்தக் கேள்வியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. "ஓம் அண்ணை, சொல்லுங்கோ" என்று பொய் சொன்னேன். "மச்சாள் போயிட்டா" என்றார்.

சாப்பிட்டாயா என்று கேட்பது அண்ணையின் மனைவியான என் மச்சாள் போட்ட சட்டம். அவரை அறிந்த உங்களுக்கு இது தெரிந்திருக்கும். பக்கத்து ஊரான இக்காஸ்டில் தையல் ஆலையில் வேலை செய்த காலத்தில், மேற்பார்வையாளரோடு டெனிஷில் வாய்ச்சண்டை பிடித்து வென்றவர் அவர். ஆனால் அரசாங்கக் கடிதம் என்றால் திறக்கவே பயப்படுவார். அரசாங்கக் கடிதங்கள் இணையத்தில் வந்து சேரும் தன் டிஜிட்டல் போஸ்டைத் திறந்து பார்க்கும் உரிமையை எனக்கு எழுதித் தந்துவிட்டார். "நீர் பாரும். நல்லதெண்டால் உடனை சொல்லும். கூடாததெண்டால் நான் சாப்பிட்ட பிறகு சொல்லும். வெறும் வயித்திலை கெட்டது கேட்கேலாது."

போன கோடையில் எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே வான் வண்டியில், பிரான்சும் ஸ்பெயினும் சந்திக்கும் பாஸ்க் கடற்கரைக்குப் போனோம். அது மச்சாளின் பல வருட ஆசை. "டென்மார்க் கடல் பாக்க மட்டும்தான், இறங்கினால் எலும்பு விறைக்கும். ஒருக்காலாவது பெரிய அலையிலை நிண்டு குளிக்க வேணும்" என்பார். அரிசி மூட்டை, சோறு காய்ச்சும் மின்பானை, புட்டுப்பானை எல்லாம் ஏறின. "அக்கா, கூரையிலை அம்மியையும் கட்டுவமோ?" என்று என் கணவர் பகிடி விட்டார். "கட்டும். பிறகு சம்பலுக்கு ஆலாய்ப் பறக்கிறது ஆரெண்டு பாப்பம்" என்றார் மச்சாள். உண்மையில் பறந்தது நாங்கள் எல்லோரும்தான்.

பியாரிட்ஸில் இரண்டாம் நாள் காலை, மணலில் இருந்தபோது மச்சாளின் பெயருக்கு ஒரு கடிதம் என் தொலைபேசியில் வந்தது. அவருடைய முதுகு நோவுக்காகப் புறப்படுமுன் ஆஸ்பத்திரியில் ஸ்கான் படம் எடுத்திருந்தார்கள். அதில் ஏதோ தெரிகிறது, மேலும் பார்க்க வேண்டும், உடனே அழையுங்கள் என்று எழுதியிருந்தது. மச்சாள் முழங்கால் அளவு அலையில் நின்று, "இஞ்சை வாரும், ஆளைத் தள்ளுது!" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் திரும்பி நின்று ஆஸ்பத்திரிக்கு அழைத்தேன். மச்சாள் கதைப்பதுபோலவே கதைத்து, அவருடைய அடையாள எண்ணான பிறப்பு இலக்கத்தையும் சொன்னேன். விடுமுறை முடிந்த பிறகு ஒரு நாளைக் கேட்டேன். "முந்தி வர முடியாதா?" என்று தாதி கேட்டாள். முடியாது என்றேன். அதைச் சொல்ல நான் யார்? இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாப்பிட்ட பிறகு சொல்லுவோம் என்றுதான் ஒவ்வொரு நாளும் நினைத்தேன். சான் செபஸ்தியானில் மீன் பொரியல், அடுத்த ஊரான சறவுட்ஸில் வாடகை வீட்டு அடுப்பில் புட்டு. ஒவ்வொரு சாப்பாடும் முடியும், நான் வாயைத் திறப்பேன், அவர் அடுத்த நேரத்துக்கு என்ன சமைப்பது என்று தொடங்கிவிடுவார். பிள்ளைகள் டெனிஷில் கெஞ்ச, அவர் தமிழில் ஏச, வீடே கலகலக்கும். எப்படிச் சொல்வேன்?

கடிதம் வந்து எட்டாம் நாள், திரும்பும் வழியில், ஜெர்மனியில் வண்டியை நிறுத்திய இடத்தில் சொன்னேன். அண்ணை எண்ணெய் அடிக்கப் போயிருந்தார். மச்சாள் தண்ணீர்ப் போத்தலை மூடினார்.

"எத்தினை நாளாய்த் தெரியும்?"

"எட்டு நாள், மச்சாள்."

"அதுதான் நீர் எட்டு நாளாய் ஒழுங்காய்ச் சாப்பிடேல்லை. பாத்துக்கொண்டுதான் இருந்தனான்" என்றார். பிறகு, "அண்ணைக்கு இது தெரிய வேண்டாம். நாளைக்கு வீட்டை போன பிறகுதான் கடிதம் வந்ததெண்டு சொல்லும்" என்றார்.

அந்த எட்டு நாள் ஏதும் மாற்றியிருக்குமா என்று பிறகு வைத்தியரிடம் தனியாகக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். ஆம் என்றிருந்தால் அழுதிருப்பேன், இல்லை என்றிருந்தால் ஆறியிருப்பேன். கடைசி மாதத்தில் மச்சாளுக்கு ஒரு வாய் கஞ்சியும் இறங்கவில்லை. அப்போதும் ஒரு கடிதம் வந்தது. என் முகத்தைப் பார்த்து, "இனி எப்ப சொல்லுவீர்?" என்று சிரித்தார். நான் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். வேறென்ன செய்ய?

மச்சாள் என்னைக் கடைசிவரை காட்டிக் கொடுக்கவில்லை. அன்று பியாரிட்ஸ் கடற்கரையில் பிள்ளைகள் எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அலையில் அவர் சிரிக்கிறார், ஓரத்தில் தொலைபேசியோடு முதுகு காட்டி நிற்பது நான். இரண்டையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

இது மச்சாளின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்காக எழுதியது. அன்று பந்தி முடியும் வரை மலரை ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம் என்று அவருடைய மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

அண்ணை, இப்போது நீங்கள் சாப்பிட்டிருப்பீர்கள்.