எடைமேடைக் கம்ப்யூட்டரில் கொளஞ்சியப்பன் பெயர்

கீழப்பழுவூர் டீக்கடையில் அந்தப் பேச்சு பிறந்தது தை மாதக் கடைசியில். எடைமேடைக் கம்ப்யூட்டரில் கொளஞ்சியப்பன் எங்கிருந்தோ ஒரு சாப்ட்வேரைக் கொண்டுவந்து ஏற்றிவிட்டானாம். அது வண்டிக்கு எண்பது கிலோ மக்காச்சோளத்தைத் தின்கிறதாம். அரியலூர் போய்ச் சேர்வதற்குள் எண்பது இருநூறாகக் கொழுத்தது. பெரம்பலூரில் கொளஞ்சியப்பன் காதுக்கு வந்தபோது அரை டன்.

கொளஞ்சியப்பனுக்குக் கடை கிடையாது. ஒரு பழைய பைக், ஒரு பென்டிரைவ், அவ்வளவுதான். ஜெயங்கொண்டம் வரை பதினேழு இடங்களில், விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸைப் போட்டுக் கம்ப்யூட்டர்களை ஓடவிட்டிருந்தான். ஆளை நம்பித்தான் கம்ப்யூட்டரைத் தொடவிடுவார்கள். பேர் கெட்டால் பதினேழும் போச்சு. பைக்கை எடுத்தான்.

எடைமேடையில் முதலாளி தமிழ்மாறன் இருந்தார். சீட்டு போடும் வேணி இருந்தாள். சோளம் போட வந்த அரியமுத்து சீட்டும் கையுமாக நின்றார்.

"வாப்பா, சோளந்தின்னி," என்றார் அரியமுத்து. "திரையில நாலாயிரத்து முந்நூத்தி எண்பது. சீட்டுல நாலாயிரத்து முந்நூறு. மிச்சம் உன் வவுத்துலயா?"

"உள்ள இருக்குற ஒவ்வொண்ணும் எங்கேர்ந்து வந்துச்சு, யாரு ஏத்துனாங்கன்னு மெசினே சொல்லும்ங்க. அது பொய் சொல்லாது," என்று தமிழ்மாறனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கட்டளை அடித்தான்.

மற்ற மென்பொருள்களெல்லாம் தாங்கள் இறங்கி வந்த இணையக் களஞ்சியத்தின் முகவரியை ஒழுங்காகச் சொல்லின. தமிழில் சீட்டு அச்சடிக்கும் ஒன்று மட்டும் எந்தக் களஞ்சியத்தையும் சொல்லவில்லை. எந்த ஊர் என்று கேட்டால் 'இந்த வூடுதான்' என்கிற ஆள்போல, இந்தக் கம்ப்யூட்டரின் சொந்தப் பதிவேட்டையே காட்டியது. யாரோ கோப்பாகக் கொண்டுவந்து நேரே ஏற்றியிருக்கிறார்கள். எடையின் கடைசி இரண்டு இலக்கத்தைச் சுழியாக்குவதும் அதுதான்.

"ஏத்துனது யாரு?" என்றார் தமிழ்மாறன்.

கொளஞ்சியப்பன் பதிவைத் திறந்தான். பொங்கல் கழிந்த வியாழன், காலை பத்தரை. ஏற்றச் சொன்னவர்: கொளஞ்சி.

"மெசின் பொய் சொல்லாதுன்னியே," என்றார் தமிழ்மாறன்.

அந்த வியாழக்கிழமை அவன் உடையார்பாளையத்தில் மகளின் காதுகுத்தில் இருந்தான். ஆனால் சின்னக் கோளாறுக்கெல்லாம் அவ்வளவு தூரம் வரச் சோம்பி, தன் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்தவனும் அவனேதான். பதினேழு இடத்திலும் அதே பெயர், அதே சொல், அதே போல ஒரு காகிதம். அந்தக் காகிதத்தைக் காட்டினான். காதுகுத்துப் போட்டோவையும் காட்டினான்.

"ஒட்டுனது நீ. பேரு உன்னுது. கெளம்பு," என்றார் தமிழ்மாறன்.

வெளியே பைக்கை உதைக்கும்போது வேணி ஓடிவந்தாள்.

"அண்ணே, நாந்தான். சீட்டு தமிழ்ல வருமேன்னு ஆண்டிமடத்துச் சிநேகிதி அனுப்புனதை ஏத்திட்டேன். இந்தச் சுழியெல்லாம் சத்தியமாத் தெரியாதுண்ணே. இப்ப சொன்னா வேலை போயிடும். ரெண்டு நாள் குடுங்க, மொதலாளிகிட்ட நானே பக்குவமாச் சொல்லிடுறேன்."

"சொல்லிடும்மா. எம் பொழப்பு அதுலதான் இருக்கு."

அவனே சொல்லியிருக்கலாம். சொன்னால், பழியைப் பொம்பளைப்பிள்ளை தலையில் கட்டுகிறான் என்று டீக்கடை அடுத்த பேச்சைத் தொடங்கிவிடும்.

இப்போது சித்திரை பாதி. பதினேழில் ஒன்பது இடம்தான் மிச்சம். அங்கெல்லாம் போய்க் காகிதத்தைக் கிழித்துவிட்டு வந்தான். போன வாரம் கீழப்பழுவூர் வழியாகப் போனபோது மேடையில் வண்டி எதுவுமில்லை. அவன் ஆரன் அடித்தான். வேணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் கேட்ட இரண்டு நாள் இன்னும் முடியவில்லை.