ஆள் இருக்கிற சந்து

கீழறை அக்கா என்றால்தான் அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் எல்லாருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொன்னால் "யாரு அது?" என்பார்கள். மேலே மாணவர்கள் பழைய புத்தகம் கேட்பார்கள், கவுண்டர்காரர் போனில் எண்ணைச் சொல்வார், அடித்தளத்தில் அக்கா அதைத் தேடியெடுத்துக் குட்டி லிஃப்டில் ஏற்றிவிடுவாள். கேட்க என்னவோ சுலபம்தான். செய்து பார்த்தால் அல்லவா தெரியும்!

அங்கே இருப்பவை தண்டவாளத்தின் மேல் உருளும் இரும்பு அலமாரிகள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். மொத்த வரிசைக்கும் ஒரே ஒரு சந்துக்குத்தான் இடம். வேறு சந்து திறக்க வேண்டுமென்றால் சக்கரத்தைச் சுற்றி இந்தச் சந்தை மூட வேண்டும். உள்ளே ஆள் நின்றால் சட்னிதான். அதனால் சுற்றுவதற்கு முன் "ஆள் இருக்கா?" என்று குரல் கொடுப்பது கீழறைச் சட்டம். தான் ஒருத்திதான் கீழே இருக்கிறோம் என்று தெரிந்தாலும் அக்கா கேட்காமல் சுற்றியதில்லை. "சுவத்துக்கிட்ட பேசுற பொம்பள" என்று கவுண்டர்காரர் கிண்டலடிப்பார். அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும்.

அன்று பிற்பகல் போன் அடித்தது.

"அக்கா, உங்க பொண்ணுதான் நிக்குது. சீக்கிரம்."

மகளுக்கு மறுநாள் காலை முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. ஆய்வேட்டில் காட்டியிருந்த ஒரு மேற்கோள் தவறு என்று தேர்வாளர் கிளப்பியிருந்தார். மூல நூல் இந்தக் கீழறையில் மட்டும்தான். பார்க்காமல் போனால் இத்தனை வருட உழைப்பும் ஆற்றில் கரைத்த புளி.

அது இருப்பது வேறு சந்தில்; அப்போது திறந்திருந்ததோ ஆய்வேடுகள் இருக்கும் கடைசிச் சந்து. அக்கா சக்கரத்தில் கை வைத்து, "ஆள் இருக்கா?" என்றாள்.

"இருக்கேன்."

இளம் பெண் குரல். படிக்கும்போது தொந்தரவு செய்ததுபோல ஒரு சலிப்பு. அக்கா எட்டிப் பார்த்தாள். சுவர்வரை நடந்தே பார்த்தாள். ஈ, காக்கை இல்லை. திரும்பி வந்து மறுபடி கேட்டாள்.

"இருக்கேன்னு சொன்னேனே."

"அம்மாடி, நீ யாரோ எவரோ, கொஞ்சம் வெளிய வந்துடும்மா. என் பொண்ணு மேல நிக்கிறா" என்று கெஞ்சினாள். யாரும் வரவில்லை. போன் மறுபடி அடித்தது. நூலகம் மூடும் நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினாள். அலமாரி வந்து பாதியில் முட்டி நின்றது. இன்னும் அழுத்தினாள். உள்ளே ஏதோ தலையணைபோல மெத்தென்று அமுங்கிக் கொடுத்தது. சந்து மூடிக்கொண்டது.

புத்தகம் மேலே போனது. மேற்கோள் சரிதான். மறுநாள் மகள் டாக்டர் ஆகிவிட்டாள்.

வீட்டில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பேயாவது பிசாசாவது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பேயோ பிசாசோ, ஆள் இருக்கிறது என்று தெரிந்தும் சுற்றினாளே, அதற்கு என்ன சமாதானம்? யார் பெற்ற பிள்ளையோ, பாவி நான், என்று இருட்டைப் பார்த்து அழுதாள். அதன்பின் எந்தச் சந்திலிருந்தும் பதில் வரவில்லை. கடைசிச் சந்தை அவள் திறக்கவும் இல்லை. அந்தப் பழைய ஆய்வேடுகளைக் கேட்பாரும் இல்லை.

ஆனால் ஆய்வேடு என்றால் ஒரு பிரதி கீழறைக்கு வந்தே ஆக வேண்டும். ஒருநாள் குட்டி லிஃப்டில் மகளுடையதே வந்து இறங்கியது. முதுகில் தங்க எழுத்தில் மகள் பெயர். அக்கா அதைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். வேறு வழியில்லாமல் கடைசிச் சந்தைத் திறந்தாள். தூசி, பழைய காகித வாடை, வேறொன்றும் இல்லை. மகளின் ஆய்வேட்டை அதன் இடத்தில் செருகிவிட்டு, போன உயிர் திரும்பி வந்ததுபோல வெளியே வந்தாள்.

சக்கரத்தைப் பிடித்தாள். "ஆள் இருக்கா?"

"இருக்கேம்மா."

அது மகளின் குரல்.

உடனே மகளுக்குப் போன் போட்டாள். "கிளாஸ் எடுத்துக்கிட்டு இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்று அவள் வைத்துவிட்டாள். நன்றாகத்தான் இருக்கிறாள், வகுப்பில்தான் இருக்கிறாள். அக்கா சந்துக்குள் பார்த்தாள். வெறும் சந்து. அப்படியே சக்கரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கீழறை போன் அடித்தது. எடுத்தாள்.

"அக்கா, கடைசிக்கு முந்தின சந்துல ஒரு புத்தகம். அவசரமாம். ஒரு பொண்ணு அழுதுக்கிட்டு நிக்குது, நாளைக்குத் தேர்வாம்."

"முடியாது."

"என்னக்கா, பாவம், அதுவும் உங்க பொண்ணு மாதிரிதானே?"

"யார் பெத்த பொண்ணா இருந்தா எனக்கென்ன?" என்றாள் அக்கா. "உள்ள ஆள் இருக்கு."