சந்தனம் அப்பிய டிரான்சிஸ்டர்

பகல் ஒன்று பத்துக்கு ரேடியோவின் குமிழ் உடைந்து என் கையோடு வந்தது.

இந்தியாவில், ஊரிலிருந்து படிப்பவர்களில் பலர் டிரான்சிஸ்டரைக் கண்டிருக்க மாட்டீர்கள். மின்சாரம் வேண்டாம், பேட்டரி போதும், டிபன் பெட்டி அளவுதான். சப்பானில் செய்வது. சண்டைக் காலத்தில் சப்பான்காரன் வருகிறான் என்றால் கோழியைச் சாக்கில் அமுக்கி ஒளித்த சனம், இன்று அவன் பெட்டிக்குக் கற்பூரம் காட்டுகிறது. சுதந்திரம் வந்த பிறகு மலாக்காவில் எங்கள் காஜா பேராங்கில் வளர்ந்தது இந்தப் பேச்சுதான். எந்தக் கம்பெனி பெட்டிக்குள் எத்தனை டிரான்சிஸ்டர் வைக்கிறது, அடுத்த மாடல் சட்டைப் பைக்குள் அடங்குமா என்று பெரிய மனிதர்கள் தேநீர் ஆறும்வரை வாதாடுகிறார்கள். அவர்களுக்குத் தலைவன் என் மனைவியின் தம்பி வேலு, ரேடியோ ஏஜெண்டு. பக்கத்து வீட்டுக்காரர் மலாக்கா செட்டி. கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். அவருடைய மரப்பெட்டி ரேடியோவைக் காட்டி வேலு சொல்வான்: "வால்வு செட்டெல்லாம் இனி கோழிக்கூண்டுதான் மச்சான். இதுல உலகமே உங்க உள்ளங்கையில."

அந்த உலகத்துக்கு ஆயுதபூசையன்று அவனே பொட்டு வைத்தான். தையல் மெஷின், சைக்கிள் எல்லாம் முடித்து, ரேடியோவின் முள்ளை மெட்ராசில் நிறுத்தி, குமிழின் மேல் சந்தனத்தைக் கெட்டியாக அப்பினான். சாமிக்கு வைத்ததை வழிக்கக் கூடாது என்றாள் மனைவி. வழிக்க வேண்டிய தேவையும் வரவில்லை. எங்களுக்கு வேறு எந்த ஊர்ச் சேதி வேண்டும்?

செகாமாட் பக்கம் தோட்டப் பள்ளியில் படிப்பிக்கும் எங்கள் மகள் செல்வி, குமிழ் உடைந்த அன்று காலை பஸ்சில் வரவேண்டியவள். விடாத மழை. அங்கே ஆறு உடைத்துக்கொண்டதாகக் கடையில் சொன்னார்கள். உள்ளூர்ச் செய்தி கேட்கக் குமிழைத் திருகினேன். இடுக்கில் இறங்கிய சந்தனம் சிமெண்டாகியிருந்தது. பலங்கொண்டு திருகியதில்தான் உடைந்தது. பெட்டி மட்டும் நிற்காமல் மெட்ராசைப் பேசிக்கொண்டிருந்தது.

வேலு வந்தான். திறக்க மாட்டானாம், கம்பெனி சீல் இருக்கிறதாம், சிங்கப்பூருக்கு அனுப்ப வேண்டுமாம். பிறகு என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, வரப்போகும் மாடலில் குமிழே இருக்காது, பொத்தான்தான் என்று விளக்கினான். அவனை அடிக்காமல் இருந்தது என் படிப்பு.

செட்டி வேலிக்கு அப்பாலிருந்து, உங்கள் ரேடியோ என்ன சொல்கிறது என்று மலாயில் கேட்டார். மழையில்லையாம் என்றேன் எரிச்சலோடு. அங்கே ஊரில், தென் மாவட்டங்களில் மழை பொய்த்ததைத்தான் அது வாசித்துக்கொண்டிருந்தது. நான் செகாமாட்டைச் சொல்கிறேன் என்று அவர் நினைத்து நிம்மதியாக உள்ளே போனார். சற்று நேரத்தில் குடையோடு எங்கள் வாசலுக்கே வந்தார். "பஞ்சிர்," என்றார். வெள்ளம். சாலை மூழ்கிவிட்டதாம். அவருடைய கோழிக்கூண்டு சொல்லியிருக்கிறது. மனைவி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். வேலு நாற்காலியை விட்டு எழுந்தான், முதன்முறையாக.

விளக்கேற்றும் நேரத்தில் மரம் ஏற்றும் லாரி ஒன்று வாசலில் நின்றது. செல்வி இறங்கினாள், இடுப்புவரை சேறு. தாயை அணைத்தபடி, மேசைமேல் ஓயாமல் பேசிய பெட்டியைக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"நம்ம ஊரே முங்கிக் கிடக்குப்பா," என்றாள். "இவங்க எந்த ஊர்ல மழை இல்லன்னு அழுவுறாங்க?"